பெயர் கேட்கும் அரசும் பெயர் சொல்லாக் கைகளும்

திருச்சிராப்பள்ளிக்கு மலைக்கோட்டையால் ஒரு புகழ், காவிரியால் ஒரு புகழ், நத்ஹர் வலியுல்லாஹ் தர்காவால் ஒரு புகழ். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு சிறப்பும் இவ்வூருக்கு உண்டு. எட்டாண்டு இடைவெளியில் இரண்டு பெரும் நடைப்பயணங்கள் இங்கிருந்து புறப்பட்டன. 1930-இல் வேதாரணியத்தை நோக்கி உப்புச் சத்தியாக்கிரகப் படை நடந்தது. 1938-இல் சென்னையை நோக்கித் தமிழர் படை நடந்தது. முன்னதை நடத்திச் சென்றவர் இராஜாஜி. பின்னது, முதலமைச்சராகிவிட்ட அந்த இராஜாஜியின் அரசை எதிர்த்துப் புறப்பட்டது. இரண்டின் பக்கத்திலும் நிழல்போல் நடந்தவர்கள் ஒரே கூட்டத்தார்: குறிப்பேடும் பென்சிலும் கையுமாய்ச் சென்ற இரகசியப் போலீசார்.

தெருவில் இறங்கி அரசை மறுத்துப் பேசும் குடிமகன், அதற்காகவே தன் பெயரையும் முகத்தையும் அரசின் ஏட்டில் பதித்துவிட வேண்டுமா? இன்று கண்காணிப்புக் கேமராக்களை முன்னிட்டு எழும் இக்கேள்விக்குத் தமிழகத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத் திருச்சியை நடுவில் வைத்துக் காண்பது பொருத்தமாகும்.

ஆங்கில அரசு குடிகளைக் கவனிக்கும் தொழிலை ஒரு தனி இலாகாவாக வகுத்துக்கொண்டது இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில். 1902-இல் அமைந்த பிரேசர் போலீஸ் கமிஷனின் பரிந்துரையை ஒட்டி, மாகாணந்தோறும் குற்றப் புலனாய்வுத் துறை எழுந்தது. சென்னை மாகாணத்தில் அது 1906-இல் உருப்பெற்றது. பெயர் குற்றப் புலனாய்வு என்றிருப்பினும், அதன் கண் பெரிதும் அரசியல்வாதிகள் மீதே படிந்தது. கடற்கரைக் கூட்டங்களிலும் ஆற்று மணற்பரப்புகளிலும் பேச்சைக் குறிப்பெடுக்கப் போலீசார் அமர்ந்தனர். 1908-இல் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தண்டிக்கப்பட்ட வழக்கில், அவர்கள் மேடையில் பேசியவற்றைப் போலீசார் எழுதிவைத்த குறிப்புகளே சான்றாக நின்றன. வாயினின்று புறப்பட்டுக் காற்றோடு போய்விடும் சொல்லுக்கு அன்றுமுதல் ஒரு காகித உடல் வாய்த்தது. பேசியவர் மறந்தாலும் ஏடு மறவாது என்னும் நிலை வந்தது.

இந்தக் கண்ணுக்குத் தப்ப எண்ணியவர் முன் இருந்த வழி மாறுவேடம். திருச்சி வரகனேரியில் பிறந்த வ. வே. சு. ஐயர் இலண்டனில் சட்டம் பயின்றவர். அங்குள்ள இந்தியா ஹவுஸ் புரட்சியாளர்களோடு நெருங்கிப் பழகியவர். 1910-இல் பிடியாணைக்குத் தப்பி ஐரோப்பாவைக் கடந்து, முஸ்லிம் பயணியின் கோலத்தில் கடல்வழியே புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கு அவருக்கு முன்பே அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் வீட்டைச் சுற்றியும் ஒற்றர்கள் இருந்தனர். பிரெஞ்சு மண்ணில் கைது செய்ய இயலாது. ஆயினும் யார் வருகிறார், யார் போகிறார் என்று கணக்கெடுக்க இயலும். அப்படிக் கணக்கெடுக்கப்பட்டவரை அண்டுவதற்கு அயலார் அஞ்சினர். கண்காணிப்பின் முதற்பயன் கைது என்று எண்ணுவது முழு உண்மை ஆகாது. அஞ்சி ஒதுங்குமாறு பிறரைச் செய்வதே அதன் பெரும்பயன்.

ஐயருடன் இலண்டனில் இருந்த இன்னொரு திருச்சிக்காரர் சீரங்கத்து டாக்டர் தி. சே. சௌ. ராஜன். காலம் இருவரையும் இருவேறு முறைகளின் உருவங்களாக்கியது. ஐயர் 1910-இல் முகத்தை மறைத்து வந்தார். ராஜனோ 1930-இல் தம் வீட்டு வாசலையே படை புறப்படும் இடமாக்கி, ஊரறியக் கதவைத் திறந்து வைத்தார். இடையில் வந்தவர் காந்தியடிகள். ஒளிவு மறைவு சத்தியாக்கிரகிக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. 1930 மார்ச் 2-ஆம் நாள் இர்வின் பிரபுவுக்குக் கடிதம் எழுதித் தாம் செய்யப்போவதை முன்னதாகவே தெரிவித்துவிட்டுத்தான் தண்டிக்குப் புறப்பட்டார். ஒற்றன் அறிந்து சொல்ல வேண்டிய இரகசியம் எதுவும் இல்லாதபோது ஒற்றனுக்கு என்ன வேலை? இது ஒற்றாடலையே பயனற்றதாக்கும் ஓர் அரிய உபாயம்.

இராஜாஜி அவ்வழியையே பின்பற்றினார். 1930 ஏப்ரல் 13-ஆம் நாள், ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சி கண்டோன்மெண்டில் இருந்த ராஜன் இல்லத்திலிருந்து நடக்கத் தொடங்கினர். நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை இப்பயணத்துக்கெனவே இயற்றிய பாடலைப் பாடிக்கொண்டு, ஏறத்தாழ 150 மைல் நடந்து, ஏப்ரல் 28-ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்தனர். நடந்தவர்கள் யார், எங்கே தங்குவர், எந்நாளில் எவ்வூர் சேர்வர் என்பவையெல்லாம் நாடறிந்த செய்திகள்.

தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன், நடப்பவர்களைத் தடுப்பதைவிட நடப்பவர்களுக்குச் சோறிடுபவர்களைத் தடுப்பது எளிதென்று கருதினார். படைக்கு உணவோ உறைவிடமோ தருவோர் ஆறு மாதச் சிறைக்கு ஆளாவர் என்று அறிவிப்பு வெளியிட்டார். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு. சட்டவிரோதக் கூட்டத்துக்கென்று அமர்த்தப்பட்டோரைத் தன் இடத்தில் சேர்த்துக் காப்பவனைத் தண்டிக்கும் பிரிவு அது. கலகத்துக்கு ஆள் சேர்ப்பவனுக்காக எழுதிய விதி, பசித்தவனுக்கு ஒருபிடி சோறிட்டவன்மேல் பாய்ந்தது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் அஞ்சாது தம் வீட்டில் தொண்டர்களுக்கு விருந்திட்டார். ஆறு மாதம் சிறை சென்றார்.

எல்லோரும் பந்துலு ஐயராக முடியுமா? முடியாதவர்கள் என்ன செய்தனர் என்பதே இவ்வரலாற்றின் மிக அழகிய பகுதி. படை வரும் வழியில், சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் தங்கிய இடங்களில் சோற்றுப் பாத்திரங்கள் புதைத்து வைக்கப்பட்டு, இன்ன இடத்தில் இருக்கிறது என்ற செய்தி மட்டும் வந்தது. போலீசார் வந்து பார்த்தால் மரம் இருக்கிறது, பொட்டலம் இருக்கிறது, கட்டியவர் இல்லை. மரத்தின்மேல் வழக்குத் தொடுக்க 157-ஆம் பிரிவில் இடமில்லை!

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். நடந்தவர்கள் தம் பெயரை மறைக்கவில்லை. சோறிட்டவர்கள் மறைத்தனர். முன்னவர் வீரர், பின்னவர் கோழையர் என்று தீர்ப்புக் கூறலாமா? தொண்டன் சிறையை எதிர்நோக்கியே வீட்டைத் துறந்து வந்தவன். பொட்டலம் கட்டிய குடியானவனுக்கோ மறுநாள் அதே வயலில் இறங்க வேண்டும். அதே மிராசுதாரிடம் நெல் அளக்க வேண்டும். அதே கிராம முன்சீபின் கண்முன் வாழ வேண்டும். ஆறு மாதச் சிறை அவன் வீட்டு அடுப்பையே அணைத்துவிடும். அவன் பெயரை மறைத்தது குற்றத்தை மறைப்பதற்காக அன்று; கொடையைத் தொடர்வதற்காக. வலக்கை ஈவதை இடக்கை அறியலாகாது என்று நம் சமயம் கற்பிக்கும் மறைவு, இங்கே ஓர் அரசியல் அறமாகவே மலர்ந்தது. பெயருள்ள நூறுபேர் பதினைந்து நாள் நடக்க, பெயரில்லாத ஆயிரம் கைகள் துணைநின்றன. அந்தக் கைகளுக்கெல்லாம் பெயர் எழுதப்பட்டிருக்குமானால் படை தஞ்சை எல்லையிலேயே பட்டினியால் நின்றிருக்கும்.

வேதாரணியத்தில் இதன் மறுபக்கம் ஒன்று நிகழ்ந்தது. நாவிதர் வைரப்பன், அடக்குமுறைக்குத் துணைபோகும் போலீசாருக்குச் சவரம் செய்வதில்லை என்று உறுதி பூண்டவர். அவரிடம் சீருடையின்றி வந்து அமர்ந்த ஒருவர் போலீஸ்காரர் என்பது பாதிச் சவரத்தில் தெரிய, கத்தியை மடித்து வைத்துவிட்டார் என்றும், மீதியையும் முடிக்குமாறு நீதிபதி கூறியபோதும் மறுத்து ஆறு மாதச் சிறையை ஏற்றார் என்றும் அவ்வூரார் இன்றும் பெருமையோடு சொல்வர். அவருக்கு அங்கே நினைவுத்தூணும் உண்டு. மறைந்து நிற்கும் உரிமையைக் குடிமகனுக்கு மறுக்கும் அரசு, தன் ஆட்களுக்கு மட்டும் அதைத் தாராளமாக வழங்கிக்கொள்ளும் முரணை, அந்தப் பாதி மழித்த முகம் எடுத்துக்காட்டுகிறது.

ஆண்டுகள் உருண்டன. ஏப்ரல் 30-இல் கைதாகிச் சிறைசென்ற இராஜாஜி, 1937-இல் சென்னை மாகாண முதலமைச்சரானார். டாக்டர் ராஜன் அவருடைய அமைச்சரவையில் இடம்பெற்றார். பள்ளிகளில் கட்டாய இந்தி புகுத்தப்பட்டதும் எதிர்ப்பு மூண்டது. திருச்சியைச் சேர்ந்த பி. கலீஃபுல்லா சாகிபு, தாம் ராவுத்தர் சமூகத்தவர், தம் தாய்மொழி தமிழே என்று சென்னைச் சட்டசபையில் எடுத்துரைத்துக் கட்டாய இந்தியை எதிர்த்தார். 1938 ஆகஸ்டு 1-ஆம் நாள், இன்றைய தில்லை நகருக்கு அண்மையிலுள்ள உறையூரிலிருந்து, நூறு பேர் அளவில் தமிழர் படை சென்னை நோக்கிப் புறப்பட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதில் நடந்தார். செப்டம்பர் 11-ஆம் நாள் படை சென்னை சேர்ந்தது. ஊர்தோறும் மக்கள் சோறிட்டனர்; ஊர்தோறும் போலீசார் குறித்தனர்.

அவ்வெதிர்ப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். அவர்களுட் பலரைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் எது? 1932-ஆம் ஆண்டுக் கிரிமினல் சட்டத் திருத்தம். காங்கிரசின் மறியலை ஒடுக்க ஆங்கிலேயர் இயற்றியது. அதன் 7-ஆம் பிரிவை எடுத்து, காங்கிரசு முதலமைச்சர் தம்மை எதிர்த்து மறியல் செய்தோர்மீது ஏவினார். இதை இராஜாஜி என்னும் தனி மனிதரைப் பழிக்கக் கூறவில்லை. அவருடைய நேர்மையை எதிரிகளும் மறுத்ததில்லை. இதிற் பெறும் பாடம் வேறு. கண்காணிக்கும் கருவி ஆளுக்கு ஆள் கைமாறும். தன் இயல்பை மட்டும் மாற்றிக்கொள்ளாது. நல்லவர் கையில் இருக்கிறதே என்று அதற்கு வரம்பிடாமல் விடுவோர், அது அடுத்த கைக்குப் போகும் நாளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அரசுக்கு ஒற்றே கூடாது என்று யாரும் கூறார். வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்காமல் நம்பலாகாது என்றும் அவரே விதித்தார். ஒற்றனின் சொல் பிழைபடும் என்பதை அவர் அறிவார். கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. இரவில் நகர்வலம் வந்த கலீஃபா, ஒரு வீட்டினுள் தகாத ஓசை கேட்டுச் சுவரேறிக் குதித்தார். உள்ளே தவறு செய்துகொண்டிருந்தவன், “நான் செய்த பிழை ஒன்று, தாங்கள் செய்தவை மூன்று. துருவி ஆராயாதீர் என்பது இறைகட்டளை, ஆராய்ந்தீர், வாசல்வழி வருக என்பது கட்டளை, சுவரேறினீர், அனுமதியும் சலாமும் இன்றி நுழைந்தீர்” என்றானாம். நாடாளும் கலீஃபா மறுமொழி கூறாது அவனை மன்னித்துத் திரும்பினார். ஆள்வோரின் கண்ணுக்கும் ஒரு வாசல் உண்டு, அவ்வாசல் வழியே மட்டும் அது நுழைதல் வேண்டும் என்பதே இதன் சாரம்.

இன்று அந்த வாசல் எங்கே இருக்கிறது? குறிப்பேடு ஏந்திய போலீஸ்காரரால் ஒரு கூட்டத்தில் பத்துப் பேரை அடையாளம் காண முடியும். இருபது பேரை நினைவில் வைக்க முடியும். கேமராவுக்குச் சோர்வும் மறதியும் இல்லை. தமிழகக் காவல்துறை 2021-இல் முகத்தைக் கொண்டு ஆளை அறியும் மென்பொருளை நடைமுறைக்குக் கொணர்ந்தது. 2024 மே மாதத்தில் அவ்வமைப்பினுள் அயலார் புகுந்து தகவல்களைக் கவர்ந்த செய்தியும் வெளியாயிற்று. கைதிகளின் அளவுகளையும் படங்களையும் எடுக்க வகைசெய்த 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2022-இல் புதிய சட்டம் வந்தது. கண்ணின் கருவிழிப் பதிவுவரை எடுக்கவும், எடுத்தவற்றை 75 ஆண்டுகள் பேணவும் அது இடந்தருகிறது. தார்ன் காட்டிய 157-ஆம் பிரிவோ மறையவில்லை. 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தின் 189-ஆம் பிரிவுக்குள் குடிபுகுந்திருக்கிறது. எண்ணிட்டுப் பெயர் பெற்ற தில்லை நகர்க் குறுக்குத் தெரு ஒன்றில் இன்று ஒருவர் ஊர்வலத்தாருக்குத் தண்ணீர்ப் பானை வைத்தால், வைத்த கை யாருடையது என்பதை ஒரு கம்பத்தின் உச்சியிலுள்ள கண்ணாடிச் சில்லு பதிந்துவிடலாம். மரக்கிளையில் பொட்டலம் கட்டும் வழி அடைபட்டு வருகிறது.

முகமூடி அணிந்து கடைக்குத் தீ வைப்பவனையும் அடையாளம் காண வேண்டாமா என்று கேட்பர். கண்டிப்பாக வேண்டும். தீ வைத்தவனின் முகத்தைத் தேடுவது நீதி. நாளை ஒருவன் தீ வைக்கக்கூடும் என்று, இன்று நடக்கும் பதினாயிரம் பேரின் முகத்தையும் எடுத்து வைப்பது வேறு. முன்னதில் குற்றம் முந்தி, கண்காணிப்புப் பிந்தி வருகிறது. பின்னதில் கண்காணிப்பு முந்துகிறது, குற்றம் பின்னர்த் தேடப்படுகிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், கூடியதற்காக மட்டும் ஒருவன் முகத்தை விலையாகக் கேட்கலாகாது என்பதே பெறப்படும்.

பெயர் காட்டும் கடமை காவலருக்கும் உண்டு. கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் சின்னம் அணிய வேண்டும் என்று 1996-இல் டி. கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் 2018 மே 22-இல் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டின்போது, சீருடையின்றி வாகனத்தின்மேல் நின்று துப்பாக்கியால் குறிபார்த்தவர்களின் படங்களை நாடே பார்த்தது. ஆயுதம் ஏந்தியவன் பெயரின்றி நிற்பதும், வெறுங்கையோடு வந்தவன் பெயர் ஏட்டில் ஏறுவதும் தலைகீழ் முறை. அதிகாரம் மிகுந்தவனிடம் வெளிச்சம் மிகுதல் வேண்டும். அதிகாரம் இல்லாதவனுக்குச் சிறிது நிழல் வேண்டும்.

வேதாரணியப் படையின் தலைவர்கள் வரலாற்றில் இடம் பெற்றுவிட்டனர். பொட்டலம் கட்டியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அன்று போலீசாருக்குக் கிடைக்காத பெயர்கள் இன்று நமக்கும் கிடைக்கவில்லை. வரலாற்று ஆசிரியனுக்கு அது இழப்புதான். ஆயினும் அந்த இழப்பை மனமகிழ்வோடு ஏற்கலாம். அவர்கள் பெயர் கிடைத்திருந்தால், எழுதுவதற்கு அந்தப் பயணமே இருந்திராது.