குற்றச்சாட்டுகளுக்கு நடுவே கிராண்ட்: 1872 அமெரிக்க அதிபர் தேர்தல்

யுலிசிஸ் கிராண்ட் 1872 நவம்பர் 5 அன்று இரண்டாம் முறையாக அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் தேர்தலில் 52.7 சதவீத வாக்குகள் பெற்றவருக்கு இம்முறை 55.6 சதவீதம் கிடைத்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அவருடைய தங்கையின் கணவர் தங்கச் சூதாட்டத்தில் சிக்கினார். பழைய இராணுவ உதவியாளர் ஒருவர் நியூயார்க் துறைமுகத்தில் வணிகர்களைக் கசக்கிப் பிழிந்தார். சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியிலேயே ஒரு பிரிவு, ஊழலைக் காரணம் காட்டி வெளியேறித் தனி வேட்பாளரை நிறுத்தியது. அந்தக் குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை பொய்யல்ல. அப்படியிருந்தும் அவர் முன்பைவிடப் பெரிய வெற்றி பெற்றதற்கு அக்கால அரசுப் பதவிகள் நிரப்பப்பட்ட முறையிலும், உள்நாட்டுப் போர் விட்டுச்சென்ற பிளவிலும் காரணங்கள் இருந்தன.

அன்றைய அமெரிக்காவில் அரசுப் பதவி என்பது தேர்தலில் வென்ற கட்சிக்குக் கிடைக்கும் பங்கு. 1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபரான காலத்திலிருந்து இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. ஆட்சி மாறினால் அஞ்சலக அதிகாரி முதல் சுங்க எழுத்தர் வரை மாறுவார்கள். 1871இல் மத்திய அரசின் குடிமை ஊழியர்கள் சுமார் 50,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் அஞ்சல் துறையினர். எந்தச் சிற்றூருக்கு யாரை அஞ்சலக அதிகாரியாகப் போடுவது என்பதை அந்தப் பகுதியின் ஆளுங்கட்சி உறுப்பினரோ செனட்டரோ முடிவு செய்தார். பதவி பெற்றவர் தேர்தல் வந்தால் தம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சி நிதிக்குக் கட்டியாக வேண்டும். ஊர்வலத்துக்கும் வாக்குச் சேகரிப்புக்கும் போக வேண்டும். கட்டாதவரின் வேலை நிலைக்காது. ஊழல் என்று கண்டிக்கப்பட்ட ஏற்பாடே அதிபருக்கு வாக்குத் திரட்டிய ஏற்பாடாகவும் இருந்ததால், அதை அதிபரே ஒழிப்பார் என்று எதிர்பார்ப்பது கடினம். கிராண்ட் 1871இல் ஜார்ஜ் வில்லியம் கர்டிஸ் தலைமையில் ஒரு குடிமைப்பணி ஆணையத்தை அமைத்தார் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் காங்கிரஸ் சில ஆண்டுகளில் பணம் ஒதுக்க மறுத்து அதை முடக்கியபோது, அவர் அதற்காகப் போராடவில்லை.

இந்த ஏற்பாட்டின் உச்சி நியூயார்க் சுங்க அலுவலகம். நாட்டின் இறக்குமதி வரியில் பெரும்பகுதி அந்த ஒரு கட்டடத்தில்தான் வசூலானது. அங்கே சுங்கக் கலெக்டர் பதவிக்கு நடந்த போட்டி அமைச்சர் பதவிக்கு நடந்ததைவிடக் கடுமையானது. கப்பலிலிருந்து இறங்கிய சரக்குக்குக் குறித்த நேரத்துக்குள் வரி கட்டி உரியவர் எடுத்துச் செல்லாவிட்டால், கலெக்டர் சொல்லும் கிடங்குக்கு அது போய்விடும். சரக்கு அங்கே ஒரே நாள் கிடந்தாலும் ஒரு மாத வாடகை, வண்டிக்கூலி தனி. இந்தக் கிடங்கு வியாபாரம் கிராண்டின் கீழ் போரில் பணியாற்றிய ஜார்ஜ் லீட் என்பவரின் கைக்குப் போனது. 1869இல் அன்றைய கலெக்டர் மோசஸ் கிரின்னெலிடம் அவர் கொண்டுபோன அறிமுகக் கடிதத்தில் கிராண்டின் கையெழுத்து இருந்தது. அடுத்து வந்த கலெக்டர் தாமஸ் மர்ஃபி காலத்தில் லீட்டின் பிடி இன்னும் இறுகியது. வணிகர்கள் முறையிட்டார்கள், செனட் குழு விசாரித்தது, 1872இல் வியாபாரம் லீட்டிடமிருந்து பறிக்கப்பட்டது. மர்ஃபி அதற்கு முன்பே, 1871 நவம்பரில் பதவி விலகியிருந்தார். அந்த விலகலை ஏற்ற கடிதத்தில் கிராண்ட் அவருடைய நேர்மையைப் பாராட்டினார். நண்பர்கள் மீது அவர் வைத்த நம்பிக்கை எந்தச் சாட்சியத்தாலும் அசையாதது. அவருடைய ஆட்சிக்கு நேர்ந்த பெருங்கேடுகளில் பாதி அங்கிருந்தே வந்தன.

மர்ஃபியின் இடத்துக்கு வந்தவர் செஸ்டர் ஆர்தர். நியூயார்க் செனட்டர் ராஸ்கோ காங்க்லிங்கின் ஆள்.

தங்கச் சூதாட்டம் இதைவிடப் பரபரப்பானது. போர்க்காலத்தில் அச்சடித்த காகித டாலரும் தங்கமும் வெவ்வேறு விலையில் புழங்கிய காலம் அது. அரசுக் கருவூலம் அவ்வப்போது தங்கம் விற்றுவந்ததால் விலை கட்டுக்குள் இருந்தது. அந்த விற்பனையை நிறுத்திவைக்க முடிந்தால் சந்தையில் உள்ள தங்கத்தை வளைத்துப்போட்டு விலையை ஏற்றலாம் என்று ஜே கூல்ட், ஜேம்ஸ் ஃபிஸ்க் என்ற இரண்டு சந்தைச் சூதாட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அதிபரின் தங்கை கணவர் ஏபெல் கார்பினைக் கூட்டுச் சேர்த்து, அவர் பெயரில் 15 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை வாங்கி வைத்தார்கள். நியூயார்க்கில் கருவூலத்தின் பொறுப்பாளராக இருந்த டேனியல் பட்டர்ஃபீல்டுக்குக் கூல்ட் 10,000 டாலர் கொடுத்தார். தங்கம் விலை ஏறினால் விவசாயிகளின் ஏற்றுமதி செழிக்கும் என்று கார்பின் வீட்டிலும் கப்பல் பயணத்திலும் கிராண்டின் காதில் ஓதினார்கள். கார்பின் ஆள் மூலம் அவசரமாக அனுப்பிய ஒரு கடிதம்தான் கிராண்டுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அவர் மனைவி ஜூலியா உடனே நாத்தனாருக்குக் கடிதம் எழுதி, இந்த வியாபாரத்திலிருந்து கணவரை விலகச் சொன்னார். கடிதத்தைப் பார்த்த கூல்ட் தம் கூட்டாளிக்கே தெரியாமல் தங்கத்தை விற்கத் தொடங்கினார். 1869 செப்டம்பர் 24, வெள்ளிக்கிழமை, விலை 160 டாலரைத் தாண்டியபோது கருவூலச் செயலர் ஜார்ஜ் பவுட்வெல் 40 லட்சம் டாலர் தங்கத்தை விற்க ஆணையிட்டார். விலை நிமிடங்களில் சரிந்தது. தரகர்கள் பலர் அன்றே ஓட்டாண்டியானார்கள். ஜேம்ஸ் கார்ஃபீல்ட் தலைமையிலான பிரதிநிதிகள் சபைக் குழு அதிபர் மீது தவறில்லை என்று முடிவு செய்தது. ஆனால் ஜூலியாவையும் கார்பினின் மனைவியையும் சாட்சி சொல்ல அழைக்க அந்தக் குழுவின் பெரும்பான்மை மறுத்துவிட்டது. விசாரணை முழுமையானது என்று அதனால் சொல்ல முடியாது.

கட்சிக்குள் முதல் பெரும் விரிசல் சாண்டோ டொமிங்கோவால் வந்தது. அந்தக் கரீபியத் தீவு நாட்டை அமெரிக்காவோடு இணைக்கும் ஒப்பந்தத்தைக் கிராண்டின் செயலர் ஆர்வில் பாப்காக் பேசி முடித்திருந்தார். 1870 ஜூன் 30 அன்று செனட்டில் வாக்குகள் 28க்கு 28 என்று விழ, ஒப்பந்தம் தோற்றது. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய அதே கட்சியின் செனட்டர் சார்லஸ் சம்னர் அடுத்த ஆண்டு வெளியுறவுக் குழுத் தலைமையிலிருந்து இறக்கப்பட்டார். சம்னர் அதை மறக்கவில்லை. 1872 மே 31 அன்று செனட்டில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் பேசி, அதிபர் உறவினர்களுக்குப் பதவி வழங்கியதை அடுக்கடுக்காக எடுத்துவைத்தார். கிராண்டின் மைத்துனர் ஜேம்ஸ் கேசி நியூ ஆர்லியன்ஸ் சுங்கக் கலெக்டர்; தந்தை ஜெஸ்ஸி கிராண்ட் கென்டக்கியில் கவிங்டன் ஊரின் அஞ்சலக அதிகாரி.

அதற்குள் கார்ல் ஷுர்ஸ் போன்ற சீர்திருத்தக்காரர்கள் தாராளக் குடியரசுக் கட்சி என்ற பெயரில் மே மாதத் தொடக்கத்தில் சின்சினாட்டியில் கூடியிருந்தார்கள். சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் வேட்பாளராவார் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். ஆறாவது சுற்று வாக்கெடுப்பில் வென்றவரோ நியூயார்க் டிரிப்யூன் ஆசிரியர் ஹொரேஸ் கிரீலி. ஊழல் எதிர்ப்பு அணி தன் காலில் தானே வெட்டிக்கொண்டது அங்கேதான். ஜூலையில் ஜனநாயகக் கட்சியும் வேறு வழியின்றிக் கிரீலியையே ஏற்றது. அவரோ முப்பது ஆண்டுகளாக அந்தக் கட்சியை எழுத்தில் வறுத்தெடுத்தவர். ஊழலைப் பற்றி ஜனநாயகக் கட்சி மேடையேறிப் பேசவும் வாய்ப்புக் குறைவு. அதன் நியூயார்க் தலைவர் ட்வீட் நகரக் கருவூலத்தைச் சூறையாடியது 1871இல்தான் பத்திரிகைகளில் அம்பலமாகியிருந்தது.

கிரீலியின் இன்னொரு முழக்கம் வடக்கும் தெற்கும் கைகோக்க வேண்டும் என்பது. போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸுக்கு 1867இல் ஜாமீன் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். ஹார்ப்பர்ஸ் வீக்லியில் தாமஸ் நாஸ்ட் வரைந்த ஒரு சித்திரத்தில், லிங்கனின் கல்லறைக்கு மேலாக அவரைக் கொன்றவனின் கையைக் கிரீலி குலுக்குகிறார். அநியாயமான சித்திரம்தான். ஆனால் மகனையோ அண்ணனையோ போரில் பறிகொடுத்த வடக்குக் குடும்பங்களுக்கு அது போதும்.

தெற்கில் கறுப்பின மக்களுக்கு இந்தத் தேர்தல் உயிர்ப் பிரச்சினை. 1870இல் அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் அவர்களுக்கு வாக்குரிமையை உறுதி செய்தது. அதைப் பயன்படுத்தியவர்களைக் கூ கிளக்ஸ் கிளான் கும்பல்கள் இரவில் வீடு புகுந்து சவுக்கால் அடித்தன, கொன்றன. கிராண்ட் 1871 ஏப்ரலில் கிளான் ஒழிப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அக்டோபரில் தென் கரோலினாவின் ஒன்பது கவுண்டிகளில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்துப் படையை அனுப்பி நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்தார். தாராளக் குடியரசுக் கட்சியினரோ தெற்கிலிருந்து படையை விலக்கி, உள்ளூர்க்காரர்களே ஆளட்டும் என்றார்கள். சுங்க அலுவலகம் எவ்வளவு அழுகியிருந்தாலும், கிராண்ட் தோற்றால் யார் சாவார்கள் என்பது கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸுக்குத் தெரியும். அவர் ஊர் ஊராகக் கிராண்டுக்கு வாக்குக் கேட்டார். இந்தக் கணக்கில் தவறு காண முடியாது. நாட்டின் வணிக நிலையும் கைகொடுத்தது: போர்க்கடன் குறைந்தது, காங்கிரஸ் இறக்குமதி வரியில் 10 சதவீதம் குறைத்தது, போர்க்கால வருமான வரி 1872இல் முடிவுக்கு வந்தது.

செப்டம்பர் 4 அன்று நியூயார்க் சன் இன்னொரு குண்டைப் போட்டது. யூனியன் பசிபிக் இரயில் பாதையைக் கட்டிய கிரெடிட் மொபிலியர் நிறுவனத்தின் பங்குகளை, மாசசூசெட்ஸ் உறுப்பினர் ஓக்ஸ் ஏம்ஸ் சக காங்கிரஸ் உறுப்பினர்களுக்குச் சலுகை விலையில் கொடுத்திருந்தார். துணை அதிபர் ஸ்கைலர் கோல்ஃபாக்ஸ், புதிய துணை அதிபர் வேட்பாளர் ஹென்றி வில்சன், கார்ஃபீல்ட் எனப் பெயர்கள் வரிசையாக வந்தன. பங்கு கைமாறியது பெரும்பாலும் 1867-68இல், கிராண்ட் அதிபராவதற்கு முன். பெயர் வந்தவர்கள் மறுத்தார்கள். வாக்காளர்களில் பலர் அதைத் தேர்தல் நேரத்துப் பழிச்சொல்லாகவே எடுத்துக்கொண்டார்கள். காங்கிரஸ் விசாரணை தொடங்கியது டிசம்பரில். அதற்குள் தேர்தல் முடிந்திருந்தது.

கிராண்ட் பிரச்சாரத்துக்கே போகவில்லை. கோடையை நியூ ஜெர்சிக் கடற்கரையில் கழித்தார். கிரீலிக்கு ஆறு மாநிலங்கள்தான் கிடைத்தன. தேர்தலுக்குச் சில நாட்கள் முன் மனைவியை இழந்த அவர், நவம்பர் 29 அன்று, அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் வாக்களிப்பதற்கு முன்பே இறந்தார்.

மூடி வைத்தவை இரண்டாம் பதவிக்காலத்தில் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 1873 செப்டம்பரில் ஜே குக் வங்கி திவாலாகிப் பொருளாதாரம் சரிந்தது. அடுத்த ஆண்டு பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனதால், விசாரணைக் குழுக்களும் அதன் கையில் வந்தன. 1875 மே மாதம் கருவூலச் செயலர் பெஞ்சமின் பிரிஸ்டோ, வடிசாலைகளும் வரி அதிகாரிகளும் கூட்டுச் சேர்ந்து விஸ்கி வரியை விழுங்கிவந்ததைப் பிடித்தார். பாப்காக்கும் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். அதிபரே எழுத்துச் சாட்சியம் கொடுத்ததால் விடுதலையானார். 1876 மார்ச்சில் போர்ச் செயலர் வில்லியம் பெல்க்னாப், இராணுவ முகாம் ஒன்றின் கடை உரிமத்துக்காகப் பணம் வாங்கியது வெளிப்பட்டு, பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறும் முன் அவசரமாக விலகினார். 1876 தேர்தலில் மூன்றாம் முறை போட்டியிடும் பேச்சுக்கு இடமே இல்லாமல் போனது. 1875 டிசம்பரிலேயே பிரதிநிதிகள் சபை அதற்கு எதிராக 233க்கு 18 என்ற வாக்கில் தீர்மானம் போட்டது. கிராண்டின் சொந்தக் கட்சியினர் பலரும் அதை ஆதரித்தார்கள்.

1880இல் காங்க்லிங்கின் அணி அவரை மீண்டும் நிறுத்தப் பார்த்தது. சிகாகோ மாநாட்டில் 306 பேர் இறுதிவரை அவர் பக்கம் நின்றும் 36ஆவது சுற்றில் கார்ஃபீல்ட் வென்றார். துணை அதிபர் வேட்பாளர், பழைய சுங்கக் கலெக்டர் ஆர்தர். பதவி கேட்டு அலைந்து ஏமாந்த ஒருவன் 1881இல் கார்ஃபீல்டைச் சுட, ஆர்தர் அதிபரானார். 1883 ஜனவரி 16 அன்று பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். எழுத்துத் தேர்வு வழியாகப் பணி நியமனம், ஊழியர் சம்பளத்திலிருந்து கட்சிக்கு வசூலிக்கத் தடை என்ற இரண்டும் அதில் இருந்தன. தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்குப் பதவிகளுக்குத்தான் சட்டம் பொருந்தியது. பெரிய சுங்க அலுவலகங்கள் அவற்றில் சேர்ந்திருந்தன.