கழிவு எடை

அடகுக்கடையில் தாலிச் சரட்டை நீட்டினால் முதலில் கருகமணிக்கு எடை கழிப்பார்கள். பொன்னுக்குத்தான் கடன், மணிக்கு மதிப்பில்லை. மூன்று மொழிகள் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இது அன்றாடக் காட்சி. தெலுங்கில் நல்லபூசலு, கன்னடத்தில் கரிமணி, தமிழில் கருகமணி. 1956இல் மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்தில் நின்றது. 1965இல் தருமபுரி மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம். இடையில், 1970களில், சிப்காட் வந்தது, ஆலைகள் நிறைந்தன. கோட்டுக்கு இருபுறமும் கழுத்துகளில் கிடந்த மணி மட்டும் அப்படியே இருந்தது.

வரலாறு எழுதியவர்களும் அடகுக்கடைத் தராசையே கையில் வைத்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர் இத்தாலிய மட்பாண்டங்களை வைத்துக் காலம் கணித்தார்; இந்தோ-ரோமானிய வணிகத்தலம் என்று பெயர் சூட்டினார். அதே மண்ணில் ஆயிரக்கணக்கில் கிடந்த கண்ணாடிச் சிறுமணிகள் ஓரமாக நின்றன. அவற்றை மையத்துக்குக் கொண்டுவந்தவர் பீட்டர் பிரான்சிஸ். இவ்வகை மணிகள் இலங்கையின் மாந்தை, வியட்நாமின் ஒக் எயோ, கொரியா, ஜப்பான், ஆப்பிரிக்கா என்று பரவிக் கிடப்பதைத் தொகுத்து, இந்தோ-பசிபிக் மணிகள் என்று அவர் பெயரிட்டார். மாந்தையிலும் ஒக் எயோவிலும் மணி செய்யவும் செய்திருக்கிறார்கள். சரக்கோடு கைத்திறனும் கடல் கடந்திருக்கிறது. நாமோ வந்ததை வைத்து நம்மை அளந்தோம், போனதை எண்ணவில்லை.

அந்தக் கைத்திறன் இருபதாம் நூற்றாண்டிலும், திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில், உயிரோடு இருந்தது. உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டி, உள்ளே துளையிட்டு, சூளையில் வைத்துச் சுழற்றுவார்கள். எதிர்ப்புறம் ஒருவர் கூம்பின் நுனியைக் கொக்கியால் பிடித்து, கண்ணாடி தீரும்வரை, உள்ளே துளையோடிய இழையாகக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டிருப்பார். ஆறிய இழையைத் துண்டுகளாக நறுக்கி, சாம்பலில் புரட்டி மீண்டும் சூடேற்றினால் கூர்முனை மழுங்கும். துளையில் அடைந்த சாம்பல் அது மூடிக்கொள்ளாமல் காக்கும். இப்படி இழுத்துச் செய்த மணியை அடையாளம் காண்பது எளிது: உள்ளே காற்றுக் குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் அவை துளையைச் சுற்றி ஓடும். கருப்பு என்று நாம் நினைக்கும் மணியை வெளிச்சத்தில் பிடித்தால் பல சமயம் அடர்ந்த ஊதாவோ பச்சையோ தெரியும்.

இப்போது பழைய மணிக்கு விலை வந்திருக்கிறது. சேகரிப்பவர்கள் பழஞ்சரங்களை அறுத்து, நிறவாரியாகப் பிரித்து, புதிய காதணியிலும் கைப்பையிலும் கோக்கிறார்கள். கோப்பதில் தவறில்லை; நூல் இற்றபோதெல்லாம் மறுபடி கோக்கப்பட்டு வந்ததுதான் கருகமணியும். சிக்கல் வேறு. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பெரிதாக மாறாத செய்முறை என்பதால், ஒற்றை மணியின் முகத்தில் வயது தெரியாது. எந்த வகைக் கண்ணாடி என்பதை ரசாயனப் பகுப்பாய்வு சொல்லும். எந்த மண்ணடுக்கில் கிடந்தது, எந்தச் சரத்தில், யார் கழுத்தில் இருந்தது என்பதைச் சொல்லாது. பெயர் தெரியாதவர்கள் செய்த பொருளுக்கு அது இருந்த இடம்தான் கையெழுத்து. சரத்தை அறுத்து விற்கிறவர் அதையே அழிக்கிறார். தராசு கழித்தபோது மணியாவது மிஞ்சியது. இந்த மதிப்பில் மிஞ்சுவது நிறம் மட்டும்.

பாட்டியின் மணியைப் பேத்தி கோத்துக்கொள்ளட்டும். யாருடையது, எந்த ஊர், எப்போது கோத்தது என்று ஒரு துண்டுச் சீட்டும் கூடவே இருக்கட்டும்.