ஊர் திரும்பிய புதுக் குடிமக்கள்

1859ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிறிஸ்டியன் எர்ன்ஸ்ட் என்ற இளைஞர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். ஜெர்மானிய நாடுகளுள் ஒன்றான ஹனோவரில் பிறந்தவர். 1851இல், பத்தொன்பது வயது வாக்கில், கடல் கடந்தவர். குடியுரிமை கைக்கு வந்த மறுமாதமே அமெரிக்க பாஸ்போர்ட்டோடு பிறந்த மண்ணுக்குப் பயணப்பட்டார். போய்ச் சேர்ந்ததும் அவரைப் பிடித்துப் படையில் சேர்த்துவிட்டார்கள். ஹனோவரின் கணக்கு எளிமையானது: எங்கள் மண்ணில் பிறந்த நீ கட்டாய ராணுவ சேவை பாக்கி வைத்துவிட்டுப் போனாய், வேறொரு நாட்டின் நீதிமன்றம் எழுதிக் கொடுத்த தாள் அந்தப் பாக்கியைத் தீர்க்காது. குடியுரிமை வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் சட்டமன்றங்களையும் விசுவாசப் பிரமாணங்களையும் பற்றியே எழுதுகிறார்கள். புதிய குடியுரிமைக்கு என்ன மதிப்பு என்பதைத் தீர்மானித்த இடம், என் பார்வையில், பழைய நாட்டின் துறைமுகமும் எல்லைச் சாவடியும்தான். தன் நாட்டை மாற்றிக்கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டு என்ற கொள்கையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏற்றுக்கொண்டதற்கு, ஊர் பார்க்கப் போய் மாட்டிக்கொண்ட இப்படிப்பட்ட பயணிகள்தான் முதற்காரணம்.

அன்று ஐரோப்பாவில் ஓங்கியிருந்த நம்பிக்கையை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இதன் கனம் புரியும். பிறப்பால் வரும் விசுவாசம் சாகும்வரை நீங்காது என்று இங்கிலாந்தின் நீதிமன்றம் 1608இல் கால்வின் வழக்கில் சொன்னது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் தன் சட்ட விளக்க நூலில் அதையே நிலைநாட்டினார். அந்தக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கப்பல்களை நடுக்கடலில் நிறுத்தி, பிரிட்டனில் பிறந்த மாலுமிகளை இழுத்துச் சென்றது. 1812ஆம் ஆண்டுப் போருக்கு அது முக்கியக் காரணங்களுள் ஒன்று. போர் முடிந்து உடன்படிக்கை எழுதியபோதோ அந்தப் பிரச்சினையை இரு தரப்பும் அப்படியே விட்டுவிட்டன. அமெரிக்காவும் அப்போது தெளிவாக இல்லை. 1790இல் இரண்டு ஆண்டு வசிப்பு போதும் என்ற சட்டம் 1795இல் ஐந்து ஆண்டாகி, 1798இல் பதினான்காக எகிறி, 1802இல் மீண்டும் ஐந்துக்கு வந்தது. (வெள்ளையருக்கு மட்டுமே அந்த வாசல் திறந்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.) பழைய மன்னருக்கான விசுவாசத்தை முற்றாகத் துறக்கிறேன் என்று குடியேறியிடம் சத்தியம் வாங்கிய அதே நாட்டின் நீதிமன்றங்கள், சொந்தக் குடிமகன் அரசின் சம்மதமின்றி அமெரிக்க விசுவாசத்தைத் துறக்க முடியுமா என்ற கேள்வியில் இங்கிலாந்தின் பழைய கொள்கையையே பற்றிக்கொண்டிருந்தன. 1840இல் பெர்லினில் இருந்த அமெரிக்கத் தூதர் ஹென்றி வீட்டன், பிரஷ்யாவில் பிறந்த ஒரு புதுக் குடிமகனுக்குக் கையை விரித்துவிட்டார். உலகில் வேறெந்த நாட்டுக்குப் போயிருந்தாலும் காப்பாற்றியிருப்போம். பிறந்த நாட்டுக்கே திரும்பியதால் உன் பழைய தன்மை உன்னிடம் திரும்பிவிட்டது என்பதே அவர் பதிலின் சாரம்.

பதின்மூன்று ஆண்டுகளில் காட்சி தலைகீழானது. ஹங்கேரியப் புரட்சியில் பங்கெடுத்துத் தப்பிய மார்டின் கோஸ்டா, 1852இல் அமெரிக்காவில் குடிமகனாக விரும்புவதாக அறிவிப்பு மட்டும் கொடுத்துவிட்டு, மறு ஆண்டு துருக்கியின் ஸ்மிர்னா துறைமுகத்துக்குப் போனார். ஆஸ்திரியத் தூதரகத்தின் ஆட்கள் அவரைப் பிடித்துத் தங்கள் போர்க்கப்பலில் அடைத்தார்கள். அங்கே நின்ற செயின்ட் லூயிஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் கேப்டன் டங்கன் இங்ரஹாம், குறித்த நேரத்துக்குள் விடுவிக்காவிட்டால் சுடுவேன் என்று கெடு வைத்தார். கைதி பிரெஞ்சு தூதரின் பொறுப்பில் விடப்பட்டு, கடைசியில் அமெரிக்கா திரும்பினார். கேப்டனுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் கொடுத்தது. கோஸ்டா சட்டப்படி இன்னும் அமெரிக்கக் குடிமகன்கூட இல்லை. முழுக் குடிமகனை பெர்லினில் கைவிட்ட அரசு, அரைகுறை ஆவணம் வைத்திருந்தவருக்காக ஸ்மிர்னாவில் பீரங்கியைத் திருப்பியது.

எர்ன்ஸ்ட் வழக்கு அட்டர்னி ஜெனரல் ஜெரமையா பிளாக்கிடம் போனது இந்தப் பின்னணியில்தான். நேர்மையான நோக்கத்தோடு பிறந்த நாட்டைவிட்டு வெளியேறுவது சுதந்திரமான ஒவ்வொருவரின் இயற்கை உரிமை என்றும், முறைப்படி குடியுரிமை பெற்றவர் பிறந்த நாட்டுக்குத் திரும்பினாலும் அமெரிக்கரே என்றும் 1859 ஜூலையில் அவர் கருத்துரைத்தார். அது ஓர் அலுவலரின் கருத்து, சட்டமாகவில்லை. அதைச் சட்டமாக்கியவர்கள் ஐரிஷ்காரர்கள். 1867இல் ‘எரின்ஸ் ஹோப்’ என்ற கப்பலில் ஆயுதங்களோடு அயர்லாந்துக் கரைக்கு வந்த, ஐரிஷ் விடுதலைக்குப் போராடிய ஃபீனியன் இயக்கத்தினரில் ஜான் வாரனும் அகஸ்டின் காஸ்டெல்லோவும் குடியுரிமை பெற்ற அமெரிக்கர்கள். டப்ளின் நீதிமன்றத்தில் வாரன், நான் அந்நியன், ஆகவே பாதி வெளிநாட்டவர் கொண்ட ஜூரி வேண்டும் என்று பழைய ஆங்கிலச் சட்டத்தையே எடுத்து வைத்தார். ஒருமுறை பிரிட்டிஷ் குடிமகன் என்றால் எப்போதும் குடிமகனே என்று நீதிபதி மறுத்துவிட்டார். வாரனுக்குப் பதினைந்து ஆண்டு, காஸ்டெல்லோவுக்குப் பன்னிரண்டு. அமெரிக்க நகரங்களில் கண்டனக் கூட்டங்கள் பெருகின. 1868 ஜூலை 27இல், நாட்டைத் துறப்பது எல்லா மக்களுக்குமான இயற்கை உரிமை என்றும், வெளிநாட்டில் இருக்கும்போது புதுக் குடிமகனுக்குப் பிறவிக் குடிமகனுக்கு நிகரான பாதுகாப்பு உண்டென்றும் சொல்லும் சட்டம் வந்தது. இருவரும் 1869இல் விடுதலையானார்கள். 1870இல் பிரிட்டன் தன் சட்டத்தை மாற்றி, அமெரிக்காவோடு ஒப்பந்தமும் செய்துகொண்டது. கால்வின் வழக்கிலிருந்து எண்ணினால் 262 ஆண்டுகள் நின்ற கோட்பாடு, சிறையில் கிடந்த சில பயணிகளால் இரண்டரை ஆண்டுகளில் சரிந்தது.

பயணிகளால் அல்ல, பீரங்கியாலும் வாக்குச் சீட்டாலும்தான் சரிந்தது என்று ஒருவர் சொல்லலாம். ஐரிஷ் வாக்குகளை எந்த அமெரிக்கக் கட்சியும் இழக்கத் துணியாது. உள்நாட்டுப் போரில் ஐரிஷ், ஜெர்மானியக் குடியேறிகள் பெருந்திரளாகப் போரிட்டிருந்தார்கள். போரில் வென்ற வாஷிங்டனைப் பகைக்க லண்டனுக்கும் பெர்லினுக்கும் விருப்பமில்லை. இவை எல்லாம் உண்மை. ஆனால் வாக்கும் படையும் 1868க்கு முன்பும் இருந்தன. அவை எதைக் கேட்க வேண்டும் என்று திட்டமாகச் சொன்னது, கையில் அமெரிக்கத் தாளோடு டப்ளின் கூண்டில் ஒருவர் நின்றதுதான். அவரவர் புது ஊரிலேயே தங்கியிருந்தால் இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஒன்றையொன்று மறுத்தபடியே இன்னும் நூறு ஆண்டு நிம்மதியாக இருந்திருக்கும். மோதல் பயணத்தில் மட்டுமே வெளிப்படும் தன்மை கொண்டது.

இதைவிட வலுவான மறுப்பு ஐரோப்பிய அரசுகளுடையது: திரும்பி வருகிறவர்களில் பலர் ராணுவத்துக்கு டிமிக்கி கொடுக்கவே அமெரிக்கரானவர்கள்; ஐந்து ஆண்டு அங்கே இருந்து தாளை வாங்கிக்கொண்டு, வாழ்நாள் முழுக்க இங்கே இருந்துகொண்டு இந்த நாட்டின் கடமை எதையும் செய்ய மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்; 1874இல் அதிபர் கிராண்ட்டே மோசடியான குடியுரிமைகளைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தில் முறையிட்டார். ஐரோப்பாவின் அந்த மறுப்புக்கு முன்பே கண்டிருந்த தீர்வு, வரலாற்றாசிரியராகவும் பெர்லின் தூதராகவும் இருந்த ஜார்ஜ் பான்கிராஃப்ட் 1868 பிப்ரவரி 22இல் வட ஜெர்மானியக் கூட்டமைப்போடு செய்த ஒப்பந்தம். ஐந்து ஆண்டு இடைவிடாது வசித்துக் குடியுரிமை பெற்றவரை அமெரிக்கராகவே அந்தக் கூட்டமைப்பு ஏற்கும். அவர் திரும்பி வந்து இரண்டு ஆண்டு தங்கினால், அமெரிக்காவுக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டவராகக் கொள்ளலாம். பவேரியா, பாடன், வூர்ட்டம்பர்க், ஹெஸ்ஸே, பெல்ஜியம், சுவீடன், ஆஸ்திரியா-ஹங்கேரி என்று இதே வார்ப்பில் ஒப்பந்தங்கள் தொடர்ந்தன. ஊர் பார்க்கப் போகலாம், ஊரோடு தங்கக் கூடாது. நியாயமான பேரம்தான், ஆனால் அது தடம் மாறிய விதம்தான் இந்தக் கதையின் இரண்டாம் பாதி. பவேரிய ஆட்சியில் இருந்த கால்ஷ்டாட் ஊரிலிருந்து 1885இல், பதினாறு வயதில் போன ஃப்ரீட்ரிஷ் ட்ரம்ப், 1892இல் அமெரிக்கரானார். 1904இல் மனைவி மகளோடு ஊருக்கு வந்து அங்கேயே இருக்க அனுமதி கேட்டார். படைச் சேவை செய்யாமல் போனவர் என்று பவேரியா வெளியேற்ற, 1905இல் நியூயார்க் திரும்பினார். அவருடைய பேரன் பிற்காலத்தில் அமெரிக்க அதிபரானது தனிக்கதை.

ஊர் திரும்பித் தங்குபவர் உண்மையில் அமெரிக்கர்தானா என்று, ஐரோப்பா கேட்டதற்காக ஒப்புக்கொண்ட அந்தச் சந்தேகத்தை, அடுத்த தலைமுறை அமெரிக்கா தன் சொந்தச் சந்தேகமாக எடுத்துக்கொண்டது. 1906ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியுரிமை பெற்ற ஐந்து ஆண்டுகளுக்குள் பிறந்த நாட்டிலோ வேறு நாட்டிலோ நிரந்தரமாகக் குடியேறினால், சத்தியம் செய்த அன்றே அவர் மனதில் அமெரிக்கா இல்லை என்பதற்கு அதுவே சான்று. குடியுரிமையை ரத்து செய்யலாம். 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறந்த நாட்டில் இரண்டு ஆண்டு அல்லது மற்ற நாட்டில் ஐந்து ஆண்டு தங்கினால் குடியுரிமை போனதாகக் கொள்ளப்படும். மறுக்க விரும்பினால் தூதரகத்தில் சான்று காட்ட வேண்டும். பிறவிக் குடிமகன் பாரிஸில் முப்பது ஆண்டு ஓவியம் தீட்டிக்கொண்டு இருக்கலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். நிறமும் சேர்ந்துகொண்டால் நிலை இன்னும் மோசம். பெஷாவரில் பிறந்து 1921இல் அமெரிக்கரான வைஷ்ணோ தாஸ் பகாய், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர் என்ற 1923ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் குடியுரிமையை இழந்தார். உறவினரைப் பார்க்க இந்தியா போக விரும்பியபோது அமெரிக்க பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எந்த ஆட்சியைத் துறந்து வந்தாரோ அதன் பிரஜையாக ஊருக்குப் போக மறுத்தவர், 1928இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்தச் சட்டங்கள் உச்ச நீதிமன்றத்தில் உடைபட்டது 1964இல். ஜெர்மனியில் பிறந்து, சிறுமியாக அமெரிக்கா வந்து, பதினாறு வயதில் தாய் வழியாகக் குடியுரிமை பெற்ற ஒரு பெண், ஜெர்மானியரை மணந்து கொலோனில் வாழ்ந்தார். பிறந்த நாட்டில் மூன்று ஆண்டு தங்கினால் குடியுரிமை போகும் என்ற 1952ஆம் ஆண்டு விதியின்படி அவருக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. ஷ்னைடர் எதிர் ரஸ்க் என்ற வழக்கில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது: குடியேறி வந்தவர்கள் ஒரு வகுப்பாகவே நம்பத்தகாதவர்கள் என்ற அனுமானத்தில் இரண்டாந்தரக் குடியுரிமையை உண்டாக்க முடியாது என்றார் நீதிபதி டக்ளஸ். மாறுபட்ட நீதிபதிகள், ஊர் திரும்பிய குடிமக்களால் அரசுகளுக்கிடையே எழுந்த சச்சரவுகளின் நீண்ட வரலாற்றைச் சுட்டினார்கள். வரலாறு அவர்கள் சொன்னபடிதான் இருந்தது. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. அந்தச் சச்சரவுகள் பழைய நாடு விட்டுக்கொடுக்காததால் எழுந்தவை, பயணியின் மனம் இரண்டுபட்டதால் அல்ல. பழைய நாடு முன்கூட்டியே விட்டுவிட்டால் அந்தச் சிக்கலே எழாது என்பதற்கு இந்தியா சாட்சி: 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவின்படி, அமெரிக்கரான அன்றே ஒரு மதுரைக்காரர் இந்தியக் குடிமகனாக இருப்பது தானாக நின்றுவிடுகிறது. மறுமாதம் அவர் ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது விசாவோ, வெளிநாட்டு வாழ் இந்தியக் குடிமகன் அட்டையோ காட்ட வேண்டியிருக்கிறது. யாரும் அவரைத் தன் பிரஜை என்று பிடித்துவைப்பதில்லை.

1906இல் தொடங்கிய அந்த ஐந்து ஆண்டு விதி மட்டும் ஷ்னைடர் தீர்ப்புக்குப் பிறகும் சட்டப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1986இல் அதை ஓர் ஆண்டாகக் குறைத்தார்கள். 1994இல், குடியேற்றச் சட்டத்தின் தொழில்நுட்பத் திருத்தங்கள் என்ற பெயரில் வந்த ஒரு சட்டம், வேறு பல சில்லறை மாற்றங்களோடு சேர்த்து அதையும் நீக்கியது.