வெண்ணிறச் சாக்சபோன்

1953ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் கனடாவின் தொரொண்டோ நகரில், மேசி மண்டபத்து மேடையேறினார் சார்லி பார்க்கர். ஜாஸ் இசையின் போக்கையே மாற்றிய அக்கலைஞர் கையில் அன்றிருந்தது பளபளக்கும் பித்தளைக் கருவியன்று. பாலேட்டு நிறத்துப் பிளாஸ்டிக் சாக்சபோன். மண்டபத்தில் இருக்கைகள் பல வெறுமையாய்க் கிடந்தன. மார்சியானோ, வால்காட் இருவரின் குத்துச்சண்டை அன்றிரவே நடந்தமை அதற்குக் காரணம் என்பர். ஆயினும் அவ்விசை ஒலிப்பதிவாய் நின்று, கேட்போர் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பி வருகிறது: சாக்சபோனின் இனிமை அதன் உலோகத்திலா உறைகிறது?

இவ்வினா கருவியோடு உடன்பிறந்தது எனலாம். பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814இல் பிறந்த அடோல்ப் சாக்ஸ், 1846இல் பாரிசில் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கூம்பு வடிவப் பித்தளைக் குழலில் கிளாரினெட்டுக்குரிய ஒற்றை நாணற்பட்டையைப் பொருத்தியதே அவர் செய்த புதுமை. குழலுள் நிற்கும் காற்றின் வடிவமே ஒலியின் பண்பை வகுக்கிறது, குழல் செய்த பொருளன்று என்பது அவர் கொள்கை. வாசிப்போர் அதனை எளிதில் ஏற்றாரல்லர். நாகசுரத்திற்கு முதிர்ந்த ஆச்சா மரமே வேண்டுமென நம் கலைஞரும் வற்புறுத்துவதில்லையா?

எல்க்கார்ட் நகரத்துக் கான் நிறுவனம் தன் சிறந்த கருவிகளில் துளைகளின் விளிம்பை உருட்டி மடித்தது; அவற்றின் ஒலி அகன்று பரவுவது என்பர். கிங் நிறுவனத்தின் ‘சூப்பர் 20’ கருவிகள் சில வெள்ளிக் கழுத்துடையவை. பார்க்கரும் அதனை வாசித்தார். பாரிசின் செல்மர் நிறுவனம் 1954இல் ‘மார்க் 6’ கருவியை வெளியிட்டது. விரல்கள் இயல்பாய் விழும் இடத்தில் விசைகளை அமைத்ததே அதன் பெருஞ்சிறப்பு. அதன் ஒலியும் செறிந்து குவிந்தது. ஆயின் இவ்வேறுபாடுகள் யாவும் உலோகத்தால் விளைந்தனவல்ல. உட்குழலின் அளவும் ஊதுவாயும் வாசிப்போர் உதடும் சேர்ந்து விளைவித்தவை. 1971இல் அமெரிக்கரான ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றாலான புல்லாங்குழல்களை மறைவில் வாசிக்கச் செய்தபோது, கேட்டோரால் வேறுபாடு காண இயலவில்லை.

பார்க்கரின் வெண்கருவி ‘கிராப்டன்’ எனப்பட்டது. இலண்டனில் வாழ்ந்த இத்தாலியர் எத்தோரே சொமாருகா படைத்த அது, 1950இல் பித்தளைக் கருவியின் ஏறக்குறையப் பாதி விலைக்கு விற்பனைக்கு வந்தது. பித்தளைக் கருவி வாங்கப் பொருளின்றி 1954இல் அதனை வாங்கிய ஆர்னெட் கோல்மன், அதைக் கொண்டே 1959இல் ஜாஸ் உலகை அதிரவைத்தார். ஆகவே குறை ஒலியில் இல்லை, கட்டமைப்பில்தான். கீழே விழுந்தால் உடல் விரிசல் கண்டது. பித்தளையைத் தட்டி நிமிர்த்துவது போல அதனைச் சீராக்க இயலாது. பழுது பார்ப்போர் பலர் அதனைத் தொடவே தயங்கினர். 1960களின் இறுதியில் உற்பத்தி நின்றது.

பார்க்கரின் கிராப்டன் 1994இல் இலண்டனில் ஏலத்திற்கு வந்தது. அவர் வளர்ந்த கான்சாஸ் நகரம் 93,500 பவுன் கொடுத்து அதனை மீட்டுச் சென்றது. அந்நகரின் ஜாஸ் அருங்காட்சியகத்திற்கு உரியதாயிற்று அவ்வெண்கருவி.