பிலடெல்பியா அத்லெடிக்ஸ்: ஓர் அணியின் வீழ்ச்சியும் மீட்சியும்



பேஸ்பால் நம் மண்ணில் பரவலாக ஆடப்படும் ஆட்டமன்று. பள்ளித் திடலில் ரவுண்டர்ஸ், சாஃப்ட்பால் ஆடியோருக்கு அதன் சாயல் தெரிந்திருக்கும். எனினும், அமெரிக்காவின் பிலடெல்பியா நகர அணி ஒன்றின் வரலாறு பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் நம் போன்றோர் அறிய வேண்டியதாகும்.

முதலில் ஒரு விதியைத் தெரிந்துகொள்வோம். பந்தெறிபவர் குறித்த உயரத்தில், தட்டின் மேலாகச் செல்லுமாறு பந்தை எறிய வேண்டும். அவ்வெல்லைக்கு வெளியே போகும் பந்தை மட்டையாளர் அடிக்காமல் விட்டால், அது 'பால்' எனக் கணக்கிடப்படும். அவ்வாறு நான்கு சேர்ந்தால் மட்டையாளர் அடிக்காமலேயே முதல் தளத்திற்கு நடந்து செல்லலாம். இதற்கு 'வாக்' என்று பெயர். நான்கு என்னும் இவ்வெண்ணிக்கை 1889-இல் நிலைபெற்றது. ஆக, எறிபவருக்குக் குறி வேண்டும். அடிப்பவருக்குப் பொறுமை வேண்டும்.

பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியைக் கோனி மேக் என்பவர் 1901 முதல் 1950 வரை வழிநடத்தினார். 1914-இல் அவ்வணி 99 ஆட்டங்களில் வென்று அமெரிக்கன் லீக்கின் முதலிடத்தைப் பிடித்தது. ஆனால் உலகத் தொடரில் பாஸ்டன் பிரேவ்ஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அக்காலத்தில் ஃபெடரல் லீக் என்னும் புதிய போட்டி அமைப்பு கூடுதல் ஊதியம் காட்டி வீரர்களை ஈர்த்து வந்தது. சீஃப் பெண்டர், எடி பிளாங்க் ஆகிய தேர்ந்த பந்தெறிபவர்கள் இருவரும் அங்குச் சென்றனர். நற்பந்துக்குக் காத்திருந்து ஆடுவதில் வல்லவரான எடி காலின்ஸ், 50,000 டாலருக்குச் சிக்காகோ அணிக்கு விற்கப்பட்டார்.

விளைவு என்ன? 1915-இல் அத்லெடிக்ஸ் அணி 43 வெற்றி, 109 தோல்வி என்று கடைசி இடத்திற்குச் சரிந்தது. அவ்வாண்டு அதன் பந்தெறிபவர்கள் எதிரணியினருக்கு 827 'வாக்' வழங்கினர். அதாவது ஓர் ஆட்டத்திற்கு ஐந்துக்கும் மேல்! சூன் 23-ஆம் நாள் புரூனோ ஹாஸ் என்னும் புதியவர் தம் முதல் ஆட்டத்தில் களமிறக்கப்பட்டார். நியூயார்க் அணியின் மட்டையாளர்களுக்கு அவர் 16 'வாக்' கொடுத்தார். ஆட்டம் 15-க்கு 7 என்று தோல்வியில் முடிந்தது. அவ்வாண்டிற்குப் பிறகு மேஜர் லீக்கில் அவர் பந்தெறியவேயில்லை. அதே ஆண்டில், சிக்காகோவில் ஆடிய காலின்ஸ் 119 'வாக்' பெற்று லீக்கில் முதலிடம் வகித்தார் என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறி தவறும் எறிபவரின் இடர் ஒரு 'வாக்'குடன் நிற்பதில்லை. இரண்டு, மூன்று பந்துகள் விலகிச் சென்றபின், அடுத்த பந்தை நடுவில் எறிந்தே ஆக வேண்டிய நெருக்கடி அவருக்கு ஏற்படுகிறது. மட்டையாளர் அதை முன்கூட்டியே அறிந்து, வேண்டிய பந்துக்குக் காத்திருந்து அடிக்கிறார். 1916-இல் நிலை இன்னும் மோசமாகி, 36 வெற்றி, 117 தோல்வி என்றானது. 1915 முதல் 1921 வரை ஏழாண்டுகள் அவ்வணி கடைசி இடத்திலேயே கிடந்தது.

மீட்சி மெல்லவே வந்தது. 1,00,600 டாலர் கொடுத்துப் பால்டிமோர் அணியிலிருந்து வாங்கப்பட்ட லெஃப்டி குரோவ், 1925-இல் களம் கண்டார். அவர் கையில் மின்னல் வேகம் இருந்தது, குறி இல்லை. முதல் ஆண்டிலேயே 131 'வாக்' கொடுத்து, லீக்கிலேயே மிகுதியாகக் கொடுத்தவர் ஆனார். 10 வெற்றி, 12 தோல்வி. ஆயினும் மேக் அவரைக் கைவிடவில்லை, ஆண்டுதோறும் வாய்ப்பளித்தார். 1927-இல் குரோவ் 20 ஆட்டங்களில் வென்றார். 1931-இல் 31 வெற்றி, 4 தோல்வி. கொடுத்த 'வாக்' 62 மட்டுமே!

மட்டை பிடித்தவர்களுள் மேக்ஸ் பிஷப்பைக் குறிப்பிட வேண்டும். 1929-இல் அவருடைய மட்டையடிச் சராசரி .232 மட்டுமே. அவ்வெண்ணை மட்டும் காண்போர் அவரைச் சாதாரண ஆட்டக்காரர் என்றே முடிவு கட்டுவர். ஆனால் அந்தச் சராசரிக் கணக்கில் 'வாக்' சேர்க்கப்படுவதில்லை. அவ்வாண்டு 128 'வாக்' பெற்று லீக்கில் முதலிடம் வகித்தவர் அவரே. தளத்தில் அவர் நின்றதால், பின்வந்த வலிய மட்டையாளர்கள் அவரை ஓட்டங்களாக மாற்றினர். 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அத்லெடிக்ஸ் உலகத் தொடரை வென்றது.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! நம் வகுப்பறைகளிலும் குரோவ்களும் பிஷப்களும் அமர்ந்திருக்கிறார்கள். முன்னவரின் ஆற்றல் தடுமாற்றத்துள் மறைந்துள்ளது. பின்னவரின் தகுதியை அளக்க மதிப்பெண் பட்டியலில் கட்டமே இல்லை. போதிய பயிற்சியின்றி ஒரு பிள்ளையை மேடையேற்றிவிட்டு, அவன் தடுமாறியதும் ஒதுக்கிவிடுதல் எளிது. 131 'வாக்' கொடுத்தவரை ஆறாண்டுகள் காத்து வளர்ப்பதே கடினம். அக்கடினமான பணிக்கே நாம் ஆசிரியர் என்றும் பெற்றோர் என்றும் பெயர் பெற்றுள்ளோம்.