தலை போன கிட்டார்

கிட்டாரின் தலைக்கு முக்கியமான வேலை ஒன்றுதான்: முறுக்காணிகளைத் தாங்குவது. அந்த வேலையை வேறிடத்துக்கு மாற்றியவர் இசைக்கலைஞர் அல்ல, மேசை நாற்காலி வடிவமைப்பவர். பெயர் நெட் ஸ்டைன்பெர்கர். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு மரவேலைக் கூட்டுறவுப் பட்டறையில் இருந்தார். அங்கே பாஸ் கிட்டார் செய்துகொண்டிருந்த ஸ்டூவர்ட் ஸ்பெக்டருக்காக 1977-ல் ஒரு பாஸை வடிவமைத்துக் கொடுத்தார். வினை அங்கேதான் தொடங்கியது.

பாஸின் கழுத்து நீளம். அதன் நுனியில் நான்கு கனத்த முறுக்காணிகள். வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கையை எடுத்தால் கழுத்து தரையை நோக்கிச் சாயும். இடக்கை ஸ்வரமும் பிடிக்க வேண்டும், பாரமும் சுமக்க வேண்டும். ஸ்டைன்பெர்கர் முறுக்காணிகளை உடலின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோனார். தலைக்கு வேலை போயிற்று, வெட்டி எறிந்தார். மரத்தையும் கைவிட்டு, கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கலவையில் கருவியை வார்த்தார். 1980 வாக்கில் எல்2 என்ற பெயரில் வந்த அந்த பாஸ், படகுத் துடுப்புக்குக் கம்பி கட்டியதுபோல் இருந்தது. ஸ்டிங், கெடி லீ போன்றவர்கள் கையில் எடுத்ததும் கேலி அடங்கியது.

பின்னாலேயே ஆறு கம்பி கிட்டாரும் வந்தது. ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் அதைத் தன் கருவியாக்கிக்கொண்டார். எடி வான் ஹேலன் 1986-ல் வந்த ‘5150’ ஆல்பத்தில் வாசித்தார். அவரை இழுத்தது ஸ்ருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்டிரெம் என்ற நெம்புகோல். சாதாரண நெம்புகோலை அழுத்தினால் ஒவ்வொரு கம்பியும் வெவ்வேறு அளவில் இறங்கி கார்டு கலைந்துவிடும். இதில் ஆறும் ஒரே இடைவெளியில் இறங்கும்.

கம்பியில்தான் சிக்கல். சாதாரண கிட்டார் கம்பிக்கு ஒரு முனையில் மட்டும் குண்டு. இதற்கு இரு முனையிலும் வேண்டும். மாட்டுவது நொடி வேலை: இரண்டு குண்டுகளையும் அதனதன் பள்ளத்தில் உட்காரவைத்துத் திருகினால் போதும், வெட்டிவிட மிச்சமே இராது. ஆனால் கச்சேரிக்கு நடுவில் ஒன்று அறுந்தால் அக்கம்பக்கத்துக் கடையில் கிடைக்காது. 1987-ல் ஸ்டைன்பெர்கரின் கம்பெனி கிட்டார் தயாரிப்பாளரான கிப்சன் வசம் போனது. 90களில் ரசனையும் பழைய மரக் கிட்டார்களுக்குத் திரும்ப, தலையில்லாதது 80களின் அசட்டு ஃபேஷன்களோடு சேர்த்து ஓரங்கட்டப்பட்டது. அது அநியாயம் என்பேன். ஹேர் ஸ்ப்ரேயோடு சேர்த்து எறிகிற பொருளல்ல அது.

மீட்டவர் ஸ்வீடன்காரர் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க். 2007-ல் பொழுதுபோக்காகக் கிட்டார் செய்யத் தொடங்கியவர், பிரிட்ஜ் பாகங்களைத் தாமே வடிவமைத்தார். அவற்றில் கடையில் கிடைக்கிற கம்பியே போதும்: மேல்முனையில் அலென் திருகு கம்பியைக் கவ்விப் பிடிக்கும், மிச்சத்தை வெட்டிவிடலாம். உடம்பையும் குடைந்து இளைக்கவைத்தார். லெஸ் பால் கிட்டார் ஒன்று நான்கு கிலோவைத் தொடும். இவருடையது சுமார் இரண்டரைதான். 2021-ல் கிட்டார் கம்பெனியான ஐபனெஸும் இந்தத் தலையில்லா வரிசைக்கு வந்துவிட்டது.

வாங்க நினைப்பவருக்கு: நீளம் ஏறக்குறைய ஒரு சாண் குறையும், பஸ்ஸிலும் ரயிலிலும் தூக்கிப்போவது சுலபம். கம்பியைச் சுற்றிவைக்க வேண்டியதில்லை, நேராக இழுபடுகிறது. ஸ்ருதி லேசில் இறங்காது. தோள்வலிக்காரர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் சுவர்க் கொக்கியில் மாட்ட முடியாது, கிளிப் டியூனரைக் கவ்வவைக்கத் தலையும் இல்லை. துடுப்பு வடிவமாக இருந்தால் மடியிலிருந்து வழுக்கும். திருகின் ஓட்டமும் குறைவு. கம்பியைக் கையால் இறுக இழுத்துப் பிடிக்காமல் பூட்டிவிட்டால், ஸ்ருதி சேருவதற்குள் திருகு முடிந்துபோகும், அவிழ்த்து மறுபடி மாட்ட வேண்டும். மலிவு மாடல்களில் அந்தத் திருகே விரலை நோகடிக்கும்.

அதனால் கடையில் நிறத்தைப் பார்க்காதீர்கள். உட்கார்ந்து ஒரு பாட்டு, நின்று ஒரு பாட்டு வாசியுங்கள். ஆறு திருகுகளையும் கம்பி இறுகியிருக்கும்போதே திருப்பிப் பாருங்கள். சாதாரண கம்பி ஏற்குமா என்று கேளுங்கள். ஏற்காது என்றால் இரண்டு செட் கம்பியையும் சேர்த்தே வாங்குங்கள். பையில் எப்போதும் ஒரு அலென் கீ இருக்கட்டும்.