எழுத்துருவை நீக்கினால் எழுத்து அழிந்துவிடுமா?



ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை என்று பழைய தமிழ் மென்பொருள் ஒன்றை நீக்குகிறோம். அப்புறம் பழைய ஃபைலைத் திறந்தால் தமிழைக் காணோம்! ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கின்றன. வைரஸ் என்று பயந்து ஃபைலையே அழித்துவிடுபவர்களும் உண்டு. ஆனால் ஃபைல் கெடவே இல்லை. காரணம் தெரிய கொஞ்சம் வரலாறு வேண்டும்.

அன்றைய எழுத்துருக்களில் மொத்தமே 256 இடங்கள். தமிழுக்கோ 247 எழுத்துகள். அதனால் கொம்பு, கால், புள்ளி என்று பிரித்து, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அவற்றைப் பொருத்தினார்கள். எதை எங்கே வைப்பது என்பது அவரவர் இஷ்டம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். பாமினியை நீக்கினால் அவை மட்டுமே தெரியும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-ல் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. அதன் பலனாக டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றது. இணைய ஆர்வலர்கள் உருவாக்கிய திஸ்கி இன்னொரு பக்கம் ஓடியது. யூனிகோடில் 1991-லேயே தமிழ் சேர்ந்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000-ல்தான் அதற்கு ஆதரவு வந்தது. எக்ஸ்பியில்கூட இந்திய மொழி வசதியைத் தனியாக நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது.

அதற்கு முன் அடித்தவை என்ன ஆவது? எங்கள் திருவண்ணாமலையில் ஒரு டிடிபி கடையில் 2003-ல் அடித்த தீபத் திருவிழா நோட்டீஸ், ஒரு சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு, யாரோ ஒரு தாத்தாவின் கவிதைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துரு போனால் இவற்றைப் படிக்க வழியே தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான்:

1. முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுங்கள்.

2. வேர்டில் திறந்து, எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துரு பெயரைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும்.

3. அதே எழுத்துருவை மீண்டும் நிறுவுங்கள். தமிழ் திரும்பிவிடும்.

4. பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை படித்துச் சரிபாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு பழைய மென்பொருளைத் தாராளமாக நீக்கலாம். பூட்டைத் திறந்து பொருளை எடுத்த பிறகுதானே சாவியை வீச வேண்டும்!